இரண்டு உப்பு மூட்டை

கோவில்பதாகை,
18-1-1944

என் சுகிர்தத்துக்கு,

நீ ஆஸ்பத்திரியில் மஸாஜ் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து எழுத நினைத்து, கை வராமல் இருந்தேன். நிஜமாகவே கை வரவில்லை. வலது முழங்கையின் வெளிப்பக்கம் தீபாவளியிலிருந்து வலி. பால் டம்ளரைத் தூக்கினால் கை தானாக விட்டுவிடுகிறது. முந்தாநாள் குழந்தை கோதண்டத்தைக் குளிப்பாட்டும்போதும் விட்டுவிட்டது. இடக்கையால் பிடித்துவிட்டேன். அவன் சிரித்தான்.

ஆவடி டாக்டர் பார்த்துவிட்டு "டென்னிஸ் எல்போ" என்றார். அதை அப்படியே அத்தையிடம் சொன்னது என் அசட்டுத்தனம். "காலேஜ்ல மட்டையப் புடிச்சிகினு ஆடனா கையி இன்னா ஆவும்? இப்டித்தான் ஆவும்" என்கிறார். நான் பந்து பொறுக்கியதோடு சரி என்று உனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வேறு, "மட்டையும் இல்ல, கிட்டையும் இல்ல. பூங்காவனம் புடிச்சிகினு கீறா" என்கிறாள். பூங்காவனம் இவருடைய முதல் மனைவி. நான் வருவதற்கு முன்பே எங்கள் கிணற்றில் போய்விட்டாள். குதித்தாள் என்றுதான் ஊரில் பேச்சு. நான் பி.ஏ. படித்தவள், பேய் பிடிக்கும் என்பதை நம்பவில்லை. ஆனால் தண்ணீர் சேந்தும்போது வலிக்கிற இடத்தில் ஈர விரல்கள் பிடிப்பதுபோல் இருக்கிறது.

பங்குனியில் குழந்தைக்குக் காதுகுத்து. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. சுமங்கலியாய் இறந்தவளைப் பூவாடைக்காரி என்போம். நல்ல காரியத்துக்கு முன் கிணற்றடியில் அவளைக் கூப்பிட்டு, குடத்து நீரில் வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப்புடவை படைக்க வேண்டும். குடத்தை நான்தான் சுமக்க வேண்டுமாம். கீழே போட்டால் பிள்ளைக்கு ஆகாதாம். போடாமல் இருக்க வழி சொல்.

உன் வசந்தா

*

சென்னை,
24-1-1944

அடி வசந்தா,

இந்த முழங்கையோடு என்னிடம் வருகிறவர்களில் டென்னிஸ் ஆடுபவர் ஒரே ஒரு துரைசானி. மற்றவர்கள் வண்ணார், தச்சர், சிப்பாய்கள். பேய்க்கு எங்கள் வார்டில் கட்டில் இல்லை. ஆகையால் கைக்கு மட்டும் வைத்தியம் சொல்கிறேன்.

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடு. பிறகு வலிக்கிற இடத்தைக் கட்டைவிரலால் குறுக்காகத் தேய். உயிர் போகும், பொறுத்துக்கொள். மேசை விளிம்பில் கையை வைத்து மணிக்கட்டை மெதுவாகத் தூக்கி இறக்கு. முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு துணிப் பட்டை கட்டு. எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கட்டும், குழந்தையையும்தான்.

தண்ணீர் எப்படிச் சேந்துகிறாய்? அதை எழுது.

சுகிர்தம்

*

கோவில்பதாகை,
11-2-1944

சுகிர்தம்,

வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எங்கள் கிணற்றுக்கு ராட்டினம் கிடையாது. குறுக்கே ஒரு பனங்கட்டை. அதில் ஒரு காலை ஊன்றிக் குனிந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும்.

நீ சொன்ன பட்டையைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அத்தை என் கையைப் பார்த்தார். அவர் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. என்ன விஷயம் என்று பொன்னியம்மாவைக் கேட்டேன். "பூங்காவனமும் அங்கியேதான் ஒரு கந்தலக் கட்டிகினு இருப்பா. கையி நோவுது, கையி நோவுதும்பா. வேல செய்யாத கையிக்கு இன்னாடி வேசம்னு உங்க அத்த கேக்கும்" என்றாள்.

அதிலிருந்து கிணற்றடிக்குப் போனால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல். மனசு விடாமல் கை மட்டும் விட்டுவிடுமா?

வசந்தா

*

சென்னை,
15-2-1944

வசந்தா,

விடும். யாரையும் கேட்காமல் விடும். கட்டைமேல் குனிந்து நிற்பவளுக்கு வலக்கை விட்டால், குடத்தின் கனம் முழுவதும் இடக்கைக்கு வந்து ஆளை முன்னால் இழுக்கும். அவள் குதிக்கவில்லை என்று சொல்ல நான் அங்கே இல்லை. குதித்தாள் என்கிறவர்களும் அங்கே இல்லை.

ராட்டினம் போடும்வரை நீ அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே. இதை உன் வீட்டுக்காரரிடம் காட்டு.

சுகிர்தம்

*

கோவில்பதாகை,
2-4-1944

என் சுகிர்தத்துக்கு,

கோதண்டத்துக்குக் காது குத்தியாயிற்று. அழுது தீர்த்துவிட்டுத் தூங்குகிறான்.

உன் கடிதத்தை வந்த அன்றே இவரிடம் கொடுத்தேன். பெரம்பூர் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நின்று படித்து, ரயிலை விட்டுவிட்டார். பூங்காவனம் என்ற பெயரை இவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினார். மறுநாள் ராட்டினம் வந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து அத்தையே எனக்கு உப்பு வறுக்க ஆரம்பித்தார். இரண்டு மூட்டையாகக் கட்டுவார். ஒன்று ஆறினால் மாற்றிக்கொள்ள என்று நினைத்திருந்தேன்.

பூவாடைக்காரியைக் கூப்பிடும் நாளில் கிணற்றடியில் எல்லோரும் நின்றோம். "வாம்மா" என்று கூப்பிட வேண்டியவர் அத்தைதான். அவரோ, "கையி நோவுதுன்னியேம்மா. நான் காதுல வாங்கல. ஊட்டுக்கு வா" என்றார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குடத்தை உள்ளங்கை மேலே பார்க்க அடியில் தாங்கி, பிள்ளையைப்போல் மார்போடு அணைத்து நடந்தேன். சிந்தவில்லை. பாதி வழியில் யாரோ மறுபக்கம் கை கொடுத்ததுபோல் கனம் குறைந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே.

இப்போது வலி அறவே இல்லை. இன்று காலை, "எனக்கு இனி ஒத்தடம் வேண்டாம், அத்தை" என்றேன்.

"உனுக்கு வாணாம்னா போ" என்றார். ஒரு மூட்டை மட்டும் வறுத்துக் கட்டி, சூடு ஆறுவதற்குள் முந்தானையில் பொத்தி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

கை நலமான உன் வசந்தா