முதலில் அவனிடம் சொன்னாய்

நவம்பர் 4, ஞாயிறு

அன்புள்ள சிசானாவுக்கு,

ஜும்பெர் எழுதுவது. நானும் கேதோவும் சுகமாக இருக்கிறோம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. முந்தாநாள் வந்து முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டுவிட்டு, வீட்டில் உப்புகூட ஒழுங்காக வாங்கி வைக்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். நீ சுகமா என்று எழுதப் போனேன். "அதான் போஸ்ட்கார்டுலயே தெரியுதேப்பா" என்று கேதோ சொல்லிவிட்டாள்.

அந்தப் போஸ்ட்கார்டு வந்து சேர்ந்தது. கூரைமேல் நாரைக்கூடு, பின்னால் ஆறு, அழகாகத்தான் இருக்கிறது. நீ எழுதிய ஆறு வரியை நான் பல தடவை படித்தேன். ரெமி பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, கேதோ பெயர் ஒரு இடத்தில். என் பெயர் முகவரியில் மட்டும். "ரெமி ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கால்வாய்ப் பக்கம் கூட்டிப் போனார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த 'எங்களை'யில் உன்னைத் தவிர யார் யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே மின்சாரம் சாயங்காலம் நான்கு மணி நேரம் வருகிறது. அதனால் மதிய வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். கேதோ கணக்குப் பாடத்தில் தேறிவிட்டாள். பிரெஞ்சு வகுப்புக்கு உன் இடத்தில் வந்திருக்கும் ஆசிரியை வாயைத் திறந்தால் ரஷ்ய மொழி மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

பக்கத்து வீட்டு எதெரி அக்காவை உனக்குத் தெரியுமே. போன வாரம் முற்றத்தில் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தேன். சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்னப்பா ஜும்பெர், பொண்டாட்டி ஸ்ட்ராஸ்பூர்ல மாளிகையில உக்காந்திருக்கா, நீ இங்க ஓடு பொறுக்கறே. அவ திரும்பி வந்தா உன் பேச்சு அவளுக்குப் புரியுமா, இல்ல நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வைக்கணுமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் தலை மறைந்ததும் அடுத்த அக்ரூட்டைத் தேவைக்கு மேல் ஓங்கி அடித்து என் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டேன். நகம் கறுத்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மே மாதத்தைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.

ஐரோப்பிய மன்றத்தில் நம் நாட்டைச் சேர்த்துக்கொண்டபோது, அவர்கள் அனுப்பும் ஆட்கள் எந்தச் சிறைக்கும் எந்த நேரமும் வரலாம், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. தொலைக்காட்சியில் பார்த்து நீதான் முதலில் கைதட்டினாய். நானும் தட்டினேன். சிறையில் வேலை பார்க்கிறவன் எதற்குக் கைதட்டுகிறான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குழு நம் மாவட்டத்துக்கு வரப்போகிறது, பிரெஞ்சு தெரிந்தவர் வேண்டும் என்று உன் பள்ளிக்குச் சொல்லி அனுப்பினார்கள். கேட்டதை யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாய். "எங்கிட்டகூடவா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "உங்கிட்டதான் முக்கியமா" என்றாய். சிரிக்கவில்லை. எங்கே போகிறார்கள் என்று கேட்டதற்கு, வண்டியில் ஏறின பிறகுதான் சொல்வார்கள் என்றாய்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் சிறைக் கதவு வழியாக நான்கு வெளிநாட்டுக்காரர்கள் நடந்து வந்தார்கள். நடுவில் நீ. உன் பச்சைக் கம்பளிச் சட்டை. கல்யாணத்துக்குப் பிறகும் நீ உன் அப்பா குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டிருப்பதால், நீ யார் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்கள் சிறைத் தலைவர் கர்னல் ஷால்வாவுக்கும் தெரியாது. நீ சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மருத்துவ அறையில் காயப் பதிவேட்டைக் கேட்டார்கள். குழுவின் மருத்துவர் ரெமி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். நீ அவன் பக்கத்தில் குனிந்து வரிவரியாகச் சொன்னாய். இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அவர் ஆமாம் என்கிறார்" என்று நீ சொன்னாய். அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் புரியும். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனை 'அவர்' ஆக்கினாய்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முப்பத்தொரு பேர் படியில் தவறி விழுந்ததாக எழுதியிருக்கிறதே, எல்லாம் ஒரே மாடிப்படியா என்று கேட்டான். ஒரே படிதான் என்றேன். அதில் எத்தனை படிகள் என்று கேட்டான். நான்கு என்றேன். நீ உடனே மொழிபெயர்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாய். பிறகு சொன்னாய். அவன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அந்த எண்ணைச் சின்னதாகக் குறித்துக்கொண்டான். அவன் முறைத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்புறம் கோச்சாவை அழைத்துவரச் சொன்னார்கள். இருபத்துநான்கு வயது, கார் திருடிய வழக்கில் விசாரணைக் கைதி. என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கதவில் கண்ணாடிச் சதுரம் இருப்பது உனக்கு நினைவிருக்கும். ரெமி ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அப்புறம்தான் அவன் முதுகில் வைத்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நான்காம் வருஷத்தில் தலைநகர் திபிலிசியில் சண்டை தொடங்கி மருத்துவப் படிப்பு பாதியில் நிற்பதற்கு முன்னால். பிறகு பத்து வருஷமாக மருத்துவ உதவியாளன். கைதிகள் டாக்டர் என்று கூப்பிடுவார்கள், நானும் திருத்துவதில்லை.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கோச்சா பேசினான். உன் வாய் ரெமியின் காதோரம் இருந்தது. மெதுவாக, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நம் வீட்டில் நீ அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். நான் கடைசியாக எப்போது அப்படிக் கேட்டேன் என்பது அன்றைக்கு யோசனையில் வரவில்லை.

அன்று சாயங்காலம் நீ பீன்ஸ் வேகவைத்தாய், சோள ரொட்டி சுட்டாய். கோச்சா என்ன சொன்னான் என்று கேட்டேன். "அது என் வேலை, ஜும்பெர். சொல்லக் கூடாது." "வெளிநாட்டுக்காரன்கிட்ட சொல்லுவே, புருஷன்கிட்ட சொல்ல மாட்டே." "ஆமாம்" என்றாய். அத்தோடு முடிந்தது. கோடை முழுவதும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அக்டோபரில் அறிக்கைக்கான காகிதங்களை மொழிபெயர்க்க மன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பூருக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாய். ரயில்நிலையத்தில் கேதோவை மூன்று தடவை கட்டிக்கொண்டாய்.

போன திங்கள்கிழமை கர்னல் ஷால்வா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். உட்காரச் சொன்னதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நீ என் மனைவி என்று எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறார். "தம்பி, ஒரு பிரெஞ்சுக்காரியைக் கட்டிக்கிட்டு எங்ககிட்ட மறைச்சிட்டியே. சரி, நல்லதாப்போச்சு. திபிலிசியிலேருந்து விசாரணை அதிகாரி ஒருத்தி வந்து விடுதியில தங்கியிருக்கா. ஸ்ட்ராஸ்பூர்ல காகிதமெல்லாம் உன் பொண்டாட்டி கையில போகுது. ஒரு லெட்டர் போடு. அந்தப் படிக்கட்டுச் சமாச்சாரம் மட்டும் கொஞ்சம் மங்கலா வரட்டும். ஒரு வார்த்தை இப்படி, ஒரு வார்த்தை அப்படி, அவ்வளவுதான். இல்லேன்னா பதிவேட்டுல யார் கையெழுத்து இருக்கு, என்னுதா?" என்றார்.

ஆக, சிசானா, உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்ற எண்ணமே அவர் சொல்லித்தான் வந்தது. இதை உனக்கு மறைக்கப் போவதில்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோச்சா இருமலோடு நோயாளி அறையில் கிடந்தான். மருந்து கொடுக்கிற சாக்கில் போய், மே மாதம் அந்த டாக்டரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னான்.

"கேக்கறீங்க, சொல்றேன். இங்க இருக்கற டாக்டர் உன் காயத்தைப் பாத்தாரான்னு கேட்டாரு. பாத்தாருன்னேன். பாத்துட்டு என்ன செஞ்சாருன்னு கேட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு, ரொம்ப நேரம் தொடச்சாரு, அப்புறம் படியில விழுந்தான்னு எழுதினாருன்னேன். அந்தம்மாவுக்கு அங்க பேச்சு நின்னுபோச்சு. அவரு ரெண்டு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. தண்ணி குடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் சொன்னாங்க."

"முழுசா சொன்னாங்களா?"

"எனக்கு என்ன பிரெஞ்சா தெரியும்? ஆனா கையால கண்ணாடி தொடைக்கற மாதிரி காட்டினாங்க, அச்சு அசல் நீங்க செய்யற மாதிரி."

அப்போது நான் என்ன கேட்டேன் தெரியுமா? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். "பேரைச் சொல்லின்னா எப்படி? சிசானான்னா, இல்ல மேடம்னா?" என்று கேட்டேன். அவன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தான். "அதுவா டாக்டர் இப்ப முக்கியம்?" என்றான்.

எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா சவப்பெட்டி பக்கத்தில் நான் கண்ணாடியைத் துடைத்ததை நீ பார்த்திருக்கிறாய். கேதோவின் காய்ச்சல் இறங்காத அன்றைக்குப் பார்த்திருக்கிறாய். எதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லையோ அப்போதெல்லாம் நான் அதைக் கழற்றுவேன் என்று உலகத்தில் நீ ஒருத்திதான் அறிவாய். அதை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டாய். என் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் பற்றிய உண்மையை முதலில் அவனிடம் சொன்னாய், அதுதான் என்னை அறுத்தது. ஒரு பெண் வேறு ஒருவனோடு போய்விட்டால் புருஷனுக்கு என்ன தோன்றுமோ அதுவே தோன்றியது. இன்னும் தோன்றுகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கேள்வி வந்தது. அன்று சாயங்காலம் நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? படியில் விழுந்தான் என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீ கேட்கவில்லை.

இப்போது நீ கேட்காமலே சொல்கிறேன். பிப்ரவரி மாதம் இரண்டு காவலர்கள் கோச்சாவை மருத்துவ அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கன்றிப்போய் அவனால் நிற்க முடியவில்லை. உள்ளங்காலில் அடிபட்டவனைப் படியில் விழுந்தான் என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. வேலை போய்விடும் என்று யாரும் மிரட்டவும் இல்லை. அவர்கள் சொல்வதற்கு முன்பே எழுதிவிட்டேன். மற்ற முப்பது பேருக்கும் அதே வரிதான். அவர்களில் சிலருடைய முகம்கூட எனக்கு நினைவில்லை, அது இன்னும் மோசம்.

நேற்று முன்தினம், அதே வெள்ளிக்கிழமை, அந்த விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடச் சின்ன வயசு. மதியத்திலிருந்து இருட்டும்வரை கேட்டாள், நான் சொன்னேன். அடித்தவர்கள் பெயரைச் சொன்னேன், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பெயரைச் சொன்னேன், அதற்கெல்லாம் முன்னால் என் பெயரைச் சொன்னேன். கோச்சாவை அங்கிருந்து வெளியேற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தொலைபேசியில் யார் யாரிடமோ சத்தம் போட்டாள். நேற்றுக் காலை ஆம்புலன்ஸ் வந்து அவனைத் திபிலிசி மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது. என் கண்ணால் பார்த்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். என்மேலும் வழக்கு வரும், வராமல் இருக்காது என்று அவளே சொன்னாள். பயமாக இருக்கிறது. இன்று காலை ரொட்டிக் கடையில் கர்னலின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டுப் போய்விட்டாள். எதெரி அக்காவுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை, நாளைக்குள் எட்டிவிடும். கேதோவிடம் பாதி சொல்லியிருக்கிறேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு எனக்கு முன்பே தெரியும் என்றேன். எழுந்து போய் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

என் வாக்குமூலம் ஒரு நாள் உன் மேஜைக்கு வரலாம். வந்தால் நீயே மொழிபெயர். ஒரு வார்த்தையையும் எனக்காக மெதுவாக்காதே. இந்த ஒரு விஷயமாவது ரெமிக்கு முன்னால் உன் காதில் விழட்டும் என்றுதான், உதவாத விரலோடு இவ்வளவு பக்கம் எழுதுகிறேன்.

வேலை பிப்ரவரிவரை நீளலாம் என்று உன் அட்டையின் கடைசி வரியில் இருக்கிறது. நீள்வது அவர்களாலா, உன்னாலா என்று அதில் இல்லை. நீ வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை என்று முதலில் எழுதி, பிறகு கோடு போட்டு அடித்தேன். நீ பார்க்கட்டும் என்றுதான் அடித்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். வர வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நீ வரும்போது நான் வீட்டில் இல்லாமல்போனால் சாவி உன் அம்மாவிடம் இருக்கும், விறகு பின்கட்டில் அடுக்கியிருக்கிறேன், வசந்தம்வரை போதும்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், கழுத்தை மூடிக்கொள். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். நீ உட்காரும் இடமெல்லாம் உன் பேச்சை மனிதர்கள் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்கட்டும். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். ஆனால் ஒரு தடவை வந்து, என்ன திட்ட வேண்டுமோ அதை என்னிடம் நேரில் திட்டிவிட்டுப் போ.

உன்னுடைய,
ஜும்பெர்