முதல் வகுப்பில் நடு சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, டில்லியிலிருந்து பூங்கொடி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? என் மகள் தர்ஷினி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நான் வேலை செய்யும் வீட்டார் ஆறு மாதம் லண்டன் போகிறார்கள். நானும் போகிறேன், அதுவும் விமானத்தில் முதல் வகுப்பில்! பக்கத்தில் நான் இல்லாவிட்டால் அவர்கள் குழந்தை தூங்காது. நேற்று ஸ்வப்னா மேடம் போனில் சீட்டுப் படத்தைக் காட்டி, தன் இந்தி கலந்த தமிழில் கேட்டார்.

"ஜன்னலோரம் தனி சீட்டு. நடுவுல ஜோடி சீட்டு, விரிச்சா கட்டில் மாதிரி, பாப்பா உன்னோடயே தூங்கும். எது பெஸ்ட்? ஜல்தி சொல்லு, எது?"

என் விரல் நடு சீட்டில் பட்டுவிட்டது. "அச்சா!" என்று உடனே பதிவு செய்துவிட்டார்.

எந்தச் சீட்டு என்று இரண்டு முறை கேட்டவர், வருகிறாயா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை அம்மா.

தர்ஷினி காதுகுத்துக்கு என்னால் வர முடியாது. தம்பி மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுங்கள். வீட்டு டிரைவர் இதைத் தபாலில் போடக் காத்திருக்கிறார், முடிக்கிறேன். தர்ஷினியின் பழைய பாவாடை ஒன்றை உடனே அனுப்பு. துவைக்காதே.

பூங்கொடி