அரசைக் கவிழ்த்த தம்பி

லண்டன்
20 மார்ச் 1979

அன்புள்ள எஃபி அக்காவுக்கு,

நலம். அத்தானின் முதுகுவலி தேவலையா?

எடின்பரோவில் நமக்கென்று ஒரு சட்டசபை வேண்டுமென்று வாக்கெடுப்பில் சொன்னவர்கள்தான் அதிகம். ஆனாலும் மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் சேரவில்லை என்று தொழிற்கட்சி அரசு கதவைச் சாத்திவிட்டது. செத்தவர்கள் பெயரும் அந்த வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, அக்கா! முதல் தேர்தலில் டெபாசிட் இழந்து, மூன்றாவதில் ஜெயித்து, மாட்டு வைத்தியத்தைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு நான் எம்.பி.யாக லண்டன் வந்தது இந்தச் சபைக்காகத்தானே?

அடுத்த வாரம் நம்பிக்கையில்லாத் தீர்மானம். தொழிற்கட்சி அரசைக் கவிழ்க்கச் சொல்கிறது எங்கள் தேசியக் கட்சி. சாப்பாடு இறங்கவில்லை.

உன் தம்பி,
ஸ்ட்ரூவன்


போர்ட் ஆர்னி
24 மார்ச் 1979

தம்பிக்கு,

முதுகுவலி பரவாயில்லை, தலைவலிதான் நீ.

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "படகுப் பட்டறையில நாங்க அத்தனை பேரும் அடுப்பெரிக்கிறது இந்த அரசாங்கத்தாலதான். உன் தம்பி கவுத்துட்டா அந்தப் பணக்காரக் கட்சி டோரிக்காரன் வருவான். அப்புறம் உன் தம்பி இந்த வாசப்படி மிதிக்க வேணாம்!"

நானும் அப்பா மாதிரி தொழிற்கட்சிக்காரிதான். உன் நியாயம் புரியாமல் இல்லை. கோபத்தில் மட்டும் ஓட்டுப் போடாதே. நன்றாகச் சாப்பிடு.

அக்கா


லண்டன்
29 மார்ச் 1979

அன்புள்ள அக்கா,

கவிழ்த்துவிட்டோம். ஒரே ஓட்டு வித்தியாசம். வெளியே வரும்போது தொழிற்கட்சிக் கிழவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "உக்காந்திருக்கிற கிளையவே வெட்டிட்டியேப்பா," என்றார். "தெரிஞ்சுதான் வெட்டுனேன் ஐயா," என்றேன்.

கோபத்தில் போடவில்லை. நம் ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கைக் கைவிட்டவர்களைத் தாங்கிப் பிடிக்க மனம் வரவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

ஸ்ட்ரூவன்


போர்ட் ஆர்னி, கட்சி அலுவலகம்
17 ஏப்ரல் 1979

அக்கா,

நேற்று உன் தெருவில் ஓட்டுக் கேட்டேன். எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன், உன் வீட்டைத் தவிர. ஜன்னல் திரை அசைந்தது. நீதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ட்ரூவன்


போர்ட் ஆர்னி
5 மே 1979

என் அருமைத் தம்பிக்கு,

திரைக்குப் பின்னால் நின்றது நான்தான். வாசலுக்கு வரக் கால் எழவில்லை.

உனக்கு நான் ஓட்டுப் போடவில்லை. போட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் நம் தொகுதியில் ஜெயித்தது டோரி. செய்தி கேட்டதும் உன் அத்தான், "ரெண்டு பூனையும் அடிச்சுக்கிட்டு அப்பத்தைக் குரங்குகிட்ட கொடுத்துட்டோம் எஃபி," என்றார்.

முடிவை அறிவித்த மேடையில் நீ நின்றதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஜெயித்தவன் விறைத்துக்கொண்டு நிற்கிறான், நீ சிரிக்கிறாய். "தோத்தவன் சிரிக்கிற சிரிப்பா இது?" என்றார் அத்தான். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. இத்தனை வருடமாக டிவியில் நீ இளைத்துக்கொண்டே போனதைத்தான் பார்த்தேன். எம்.பி. போனால் போகட்டும். எனக்குத் தம்பி வந்தால் போதும்.

13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா. இதை உன் அத்தான்தான் எழுதச் சொன்னார். அவர் சொன்னதாகச் சொல்லக் கூடாதாம்.

அக்கா


போர்ட் ஆர்னி
8 மே 1979

அன்புள்ள அக்கா,

வருகிறேன். தோற்ற மறுநாள் மத்தியானம் வரை தூங்கினேன். எழுந்து நான்கு முட்டை சாப்பிட்டேன். இன்று ஒரு பண்ணையில் பசுவுக்குப் பிரசவச் சிக்கல். வருடக்கணக்கில் தொடாத வேலை, கோட்டைக் கழற்றத் தயங்கினேன். பண்ணைக்காரர் விடவில்லை. "பார்லிமெண்ட்டைக் கவுத்த கைதானே டாக்டர், தைரியமா உள்ள விடுங்க!" கன்று பிழைத்தது. வைக்கோலில் உட்கார்ந்து நானும் அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஒரு விஷயம். அடுத்த தேர்தலிலும் நிற்கச் சொல்லிக் கட்சியில் கேட்டார்கள். சரி என்றுவிட்டேன். அத்தான் சாப்பிட்டு முடிக்கும்வரை இதைச் சொல்லாதே.

உன் தம்பி,
ஸ்ட்ரூவன்