ஐந்தாம் தடுப்பிலிருந்து ஹமீதா அக்காவுக்கு

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய ஹமீதா அக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு எழுதவில்லை. அழுதுகொண்டே எழுதினால் பிழை வரும், நீங்கள் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவீர்கள் என்ற பயம்தான். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உங்களிடம் கேட்பதற்குச் சில கேள்விகள் சேர்ந்துவிட்டன. பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. பதுளையில் இந்த முறை மழை விட்ட பாடில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்து, லுணுகலையில் என் தம்பி வீட்டார் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். கெம்பஸ் கன்டீனில் ரோல்ஸ் சின்னதாகிவிட்டது, காரம் மட்டும் குறையவில்லை. வாசலில் புதிய காவலாளி. என்னை அவருக்குத் தெரியாது, புத்தகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். அதில் ‘வந்த நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘சாப்பிட’ என்று எழுதினேன். வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பொய் ஒன்றும் எழுதவில்லையே?

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் உணவு விஞ்ஞானம் படிப்பித்தீர்கள், நான் புள்ளிவிபரவியல். ஒரு வருட இடைவெளியில் இருவரும் ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற புள்ளிவிபரக்காரியை யார் தேடப் போகிறார்கள்? அந்த வேலையை இப்போது கணினி பார்த்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் துறை மட்டும் நம் இருவரையும் விடவில்லை. மாணவர்கள் ஆராய்ச்சிக்காகச் செய்யும் புதிய பிஸ்கட்டையும் ஜாமையும் ருசி பார்த்துப் புள்ளி போட ஆட்கள் தேவை. வேலையில் இருக்கிறவர்களுக்கு நேரமில்லை. நமக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் மாதத்தில் ஒரு புதன்கிழமை நம்மைக் கூப்பிட்டார்கள்.

அந்த அறையை நீங்கள்தான் அமைத்தீர்கள். வரிசையாக ஆறு தடுப்புகள். பக்கத்தில் இருப்பவர் தெரியாதபடி நடுவில் பலகை. உணவின் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாதென்று சிவப்பு பல்ப். முன்னால் ஒரு சின்ன ஜன்னல், அது வழியாகக் கிண்ணம் வரும், தாள் போகும். உள்ளே யாரும் பேசக்கூடாது. நான்காம் தடுப்பில் நீங்கள், ஐந்தாவதில் நான்.

இனி வருவது யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பகுதி. கொரோனாக் காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும், மணம் மட்டும் சுத்தமாக இல்லை. கருவாடு பொரித்தாலும் சாம்பிராணி போட்டாலும் எனக்கு ஒன்றுதான். சிலருக்குத் திரும்பி வரும் என்றார் டாக்டர். எனக்கு வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, உங்களிடம் கூட. என் கணவர் இறந்து, மகனும் கனடாவுக்குப் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்தப் புதன்கிழமைதான். மூக்கில்லாதவளை ருசி பார்க்க யார் கூப்பிடுவார்கள்?

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? குரக்கன் தானியத்தில் செய்த பிஸ்கட். ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி போட வேண்டும். ‘மணம்’ என்ற வரிக்கு நேராகப் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். எல்லாவற்றுக்கும் மூன்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. என் தொழில் எனக்குக் கற்றுத் தந்த கள்ளத்தனம் அது. அப்போதுதான் பலகைக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக உங்கள் செருப்பு நுனி என் காலில் பட்டது. இரண்டு தட்டு. தவறிப் பட்டிருக்கும் என்று காலை இழுத்துக்கொண்டேன். அடுத்த கிண்ணம் வந்தது, நான்கு தட்டு. அடுத்ததற்கு மறுபடியும் இரண்டு.

நான் இரண்டு, நான்கு, இரண்டு என்று எழுதினேன்.

வெளியே வந்து தேநீர் குடித்தபோது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாதா மாதம் அப்படியே நடந்தது. ஒருவர் சொல்வது மற்றவரைப் பாதிக்கக் கூடாது, அப்படிப் பாதித்தால் அந்தத் தரவு குப்பை என்று பணிக்காலம் முழுக்கக் கத்தியவள் நான். அந்தக் கத்தலைக் கேட்டு முதலாம் வருடப் பிள்ளைகள் தூங்கிப் போவார்கள். அதே நான் உங்கள் செருப்பை நம்பிப் புள்ளி போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடுத்த புதன் எப்போது வரும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் இறந்த பிறகு கொஞ்ச காலம் என்னைத் தொந்தரவு செய்யாமல் விட்டு, போன மாதம்தான் கூப்பிட்டார்கள். நான்காம் தடுப்பில் நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர், காலைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். அன்று வந்தது லீக்ஸ் சூப். பவித்ரா என்றொரு பிள்ளை, வெலிமடைக்காரி. விலை விழும்போது தோட்டத்திலேயே விட்டுவிடும், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸைக் காயவைத்துச் சூப் தூள் செய்திருக்கிறாள். இறுதி வருட ஆராய்ச்சி. சூப்பில் லீக்ஸின் மணம் நிற்கிறதா, பச்சை வாடை போய்விட்டதா என்பதுதான் முழுக் கேள்வியும். ஜன்னல் வழியாகக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, நான் முதல் வாய் குடிக்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூடு தெரிந்தது. உப்பு தெரிந்தது. அதற்கு மேல் வெந்நீருக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் இல்லை. மூன்று என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. வீட்டில் யாராவது அந்தப் பிள்ளையை நம்பி இருப்பார்கள், நான் இங்கே உட்கார்ந்து இல்லாத மூக்கால் அவளுக்குப் புள்ளி போடுகிறேன். உப்பு வரியை மட்டும் நிரப்பினேன். தாளின் அடியில், ‘எனக்கு மணம் தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு தெரிந்ததே இல்லை. மன்னிக்கவும்’ என்று எழுதி ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டேன்.

உங்கள் மாணவி கௌசல்யாவைத் தெரியுமே, இப்போது அந்தத் துறையில் உங்கள் இடத்தில் இருப்பவள். என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

“மேடம், இதுக்குப் போயி அழுறீங்களா? எனக்குத் தெரியும்.”

“எப்ப இருந்து?”

“மொத நாளே தெரியும். குரக்கன் பிஸ்கட் அன்னைக்கு ஹமீதா மேடம் எங்கிட்ட வந்தாங்க. ‘அஞ்சாம் நம்பர் தாளக் கணக்குல எடுக்காத. ஆனா அவளக் கூப்புடாம மட்டும் இருந்துறாத’ன்னு சொன்னாங்க.”

அக்கா, எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இத்தனை புதன்கிழமை புடவை கட்டி, பஸ் ஏறி, அந்தப் படியெல்லாம் ஏறி வந்து நான் போட்ட புள்ளி ஒன்று கூடக் கணக்கில் இல்லை! என்னை ஒரு பொம்மை மாதிரி உட்கார வைத்திருக்கிறீர்கள். மாணவர்களின் ஆராய்ச்சி கெடவில்லை என்ற நிம்மதியும் வந்ததுதான். ஆனால் முதலில் வந்தது கோபம். நான் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். கௌசல்யா அலுமாரியைத் திறந்து இரண்டு கோப்புகளை என் கையில் தந்தாள். ஒன்றில் உங்கள் தாள்களின் பிரதி, மற்றதில் என்னுடையவை.

“நான் எதையும் வீசல மேடம். எடுத்துட்டுப் போயி பாருங்க” என்றாள்.

இரண்டு நாள் அந்தக் கோப்புகளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஆர்வம் வென்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் உங்கள் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினேன். உங்கள் புள்ளியும் என் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. நீங்கள் உங்கள் தாளில் இரண்டு போட்ட இடத்தில் எனக்கு நான்கு தட்டியிருக்கிறீர்கள். நீங்கள் நான்கு போட்டதற்கு எனக்கு ஒன்றுதான். மறுபடி மறுபடி பார்த்தேன். வாய்க்கு வந்த எண்ணைத் தட்டினீர்களா?

பழைய பழக்கம், பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். கறுவாப்பட்டை போட்ட எதற்கும் என் தாளில் உங்களுடையதை விடக் கூடுதல் புள்ளி. மாசிக் கருவாடு போட்ட எதற்கும் குறைவு. பலாப்பழம் வந்த இடமெல்லாம் ஐந்து. மூக்கு இருந்த காலத்தில் எனக்குக் கறுவா என்றால் உயிர், மாசி என்றால் ஆகாது, பலாப்பழத்துக்கு வேலி தாண்டுவேன். எனக்கு மணம் தெரிந்திருந்தால் நான் என்ன போட்டிருப்பேனோ, அதைத்தான் நீங்கள் தட்டியிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உங்கள் வேலையையும் பார்த்துக்கொண்டு, இந்த எஸ்தர் என்ன சொல்வாள் என்றும் யோசித்திருக்கிறீர்கள்.

யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அப்படிச் சொன்னதே நீங்கள்தான். பிறகு ஏன் இவ்வளவு கவனமாகத் தட்டினீர்கள், அக்கா?

போன வாரம் பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். உங்கள் தங்கை ஜெஸீமா தன் துணிக்கடையில் இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். எனக்கு மூக்கு இல்லை என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? அவர் சிரித்துக்கொண்டே துணியை மடித்து வைத்தார்.

“உங்க வீட்டுக்கு அனுப்பின அந்தப் பெருநாள் வட்டிலப்பம் ஞாபகமா? எங்க ஹமீதா ராத்தா ஏலக்காய் போட மறந்துட்டா. ஒரே முட்டை வாடை. எங்க வீட்டுப் புள்ளைகளே தொடல்ல. நீங்க மட்டும் போன்ல கோல் எடுத்து, ‘ஏலக்காய் வாசம் வீடு பூரா வீசுது’ன்னு சொன்னீங்களாம்.”

என் பொய்யாலேயே மாட்டியிருக்கிறேன். கடையில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன், பிறகு அழுதும்விட்டேன். ஜெஸீமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “ராத்தாவும் போன வச்சிட்டு அழுதா. ‘எங்கிட்ட சொல்லல்லயே’ன்னு சொல்லிச் சொல்லி அழுதா” என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் கேட்டிருக்கலாம். இரண்டு படித்த முட்டாள்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் சொல்லக்கூடியதைக் காலால் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி கெம்பஸ் பக்கம் போகக்கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். கோபம் போன பிறகும் கூச்சம் போகவில்லை. எனக்காக ஒரு நாற்காலியைச் சும்மா போட்டு வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று பவித்ரா எனக்குப் போன் எடுத்தாள். அவளுடைய சூப்பைக் குடித்தவர்கள் எல்லோரும் உப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறார்களாம். நான் மட்டும் உப்புப் போதாது என்று எழுதியிருக்கிறேனாம்.

“நான் மூணு தரம் அளந்து பாத்துட்டேன் மேடம். நீங்க சொன்னதுதான் சரி. உப்பு கம்மிதான். அந்த லீக்ஸ் வாசந்தான் அவங்களுக்கு உப்புக் கூடுன மாதிரி காட்டுதோன்னு எனக்குச் சந்தேகம். அதனால புதன்கெழம எல்லாருக்கும் மூக்குல கிளிப் மாட்டி, மறுபடி குடிக்கச் சொல்லப் போறேன். நீங்க வாங்க மேடம். ஒங்களுக்குக் கிளிப் வேணாம்.”

மூக்குக்குள் போகும் வாசம் நாக்கில் உப்பாகுமா? இத்தனை நாள் எனக்கு என்ன இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், மற்றவர்களுக்கு அந்த மூக்கு என்ன விளையாட்டுக் காட்டுகிறது என்று யோசித்ததே இல்லை. உங்களுக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்தால் ஏன் எனக்குச் சொல்லவில்லை? அரை மணி நேரம் அவளைக் கேள்வி கேட்டே படுத்தி எடுத்துவிட்டேன். என் ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இன்னும் ஆட்கள் வேண்டும் என்று திட்டவும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்.

“கௌசல்யா மேடம் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இந்தத் தடவ ஒங்க தாளக் கணக்குல எடுப்போமாம்.”

போனை வைத்துவிட்டுப் புதன்கிழமைப் புடவையை எடுத்துத் தேய்த்து வைத்தேன், அக்கா.

நாளை புதன்கிழமை. காலை பஸ்ஸில் போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ‘மணம்’ என்ற வரிக்கு நேராகத் ‘தெரியாது’ என்று எழுதுவேன். மற்ற வரிகளில் என் நாக்கு என்ன சொல்கிறதோ, அதை மட்டும் எழுதுவேன். அது தப்பாக இருந்தால், அந்தத் தப்பும் கணக்கில் வரட்டும்.

உங்களிடம் சொல்லாமல் மறைத்த தங்கச்சி,
எஸ்தர்