போட்டியில்லாத வேட்பாளர்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
18 செப்டெம்பர் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தையும் ராஜராணி அண்ணி, பிள்ளையின் நலத்தையும் வழமையாகக் கேட்பேன். இம்முறை உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாகாண சபைத் தேர்தலில் நிற்கும்படி இந்தியப் படை முகாமின் மேஜர் வீட்டுக்கே வந்து கேட்டாராம். மரியாதையான மனிதர் என்கிறீர்கள். நம்புகிறேன்.

இங்கே செய்தி பரவிவிட்டது. இங்குள்ள நம்மவர்கள் கூடும் ஞாயிறு சாப்பாட்டில் ஞானேஸ்வரன் அண்ணை, உம்மட கொண்ணர் மந்திரியாகப் போறாராம், எங்களை மறந்திடாதேயும் என்று பகிடி விட்டார். என் அறையில் இருக்கும் சென்னைப் பெண் ஷ்யாமளா, எங்க ஆர்மியே பக்கத்துல நின்னு எலெக்‌ஷன் நடத்துது, அப்புறம் என்னடி பயம் என்று கேட்டாள். சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். இதே கேள்விக்குப் பல்கலைக்கழக வகுப்பில் நீண்ட கட்டுரை எழுதியவள் நான். வெளியார் படை புகுந்த நாடுகளில் மக்களாட்சி ஏன் நிலைப்பதில்லை என்று. நல்ல புள்ளிகள் கிடைத்தன.

எழுதும்போது மனதில் இருந்தது நீங்கள் தலைவராக இருக்கும் நமது கூட்டுறவுச் சங்கம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான வருடம், பொதுக்கூட்டம். தலைவர் கதிரை உனக்குச் சீதனமாக வந்ததோ தம்பிராஜா என்று பக்கத்து வீட்டு மாமி கத்தினா. உயர்ந்த கைகளை எண்ணினார்கள். தோற்றீர்கள். மறுநாள் சங்கக் கடையில் போத்தலோடு வரிசையில் நின்றீர்கள். அடுத்த வருடம் அவர்களே உங்களைத் திரும்பத் தெரிவுசெய்தார்கள்.

இப்போது எழுதுகிறீர்கள்: சங்கத்துக்குப் போகையில் இரண்டு சிப்பாய்கள் கூட வருகிறார்கள். சனம் எழும்பி வழி விடுகிறது. ஒருவரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. அதை மதிப்பு என்கிறீர்கள்.

அந்த வரிக்கு மேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை.

வாக்குப்பெட்டிகளை லொறியில் கொண்டுவரலாம். தோற்றவர் பயமில்லாமல் வீடு திரும்புவதை எதில் கொண்டுவருவது? உங்களை எதிர்த்து நிற்க ஆளில்லை என்கிறீர்கள். ஆட்கள் இருக்கிறார்கள், அண்ணா. இந்தியப் படையோடு சண்டைபிடித்தபடி துவக்கோடு காட்டில் இருக்கிறார்கள். உங்களைத் தெரிவுசெய்தது சனமல்ல, முகாம். அது ஒருநாள் போய்விடும். மேஜருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது அந்த ஒரே ஊர்.

யாராவது முன்வராவிட்டால் இந்தச் சண்டை எப்படி முடியும் என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. ஆனாலும் நெஞ்சுநோ, நிற்க ஏலாது என்று மேஜரிடம் சொல்லுங்கள். எதையாவது சொல்லுங்கள். வேட்புமனுவில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

தபாலில் போடப் பயம். இங்கே எங்களோடிருக்கும் பத்மராணி அக்கா ஊருக்கு வருகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன். அவ திரும்பும்போது ஒரு வரி தாருங்கள், கையெழுத்துப் போடவில்லை என்று.

போட்டுவிட்டீர்கள் என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். அண்ணியையும் பிள்ளையையும் அவவோடு கொழும்புக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு விளங்கும்.

என்றும் உங்கள் தங்கை,
தவமணிதேவி