தூக்க ஆள் வேண்டாம்

2025 மார்ச் 4, சிம்பாங் பூலாய்

நாளை கோர்ட்டு. சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிளை ஓட்டிவந்தது நான்தானாம், லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பச்சை எரிந்தது. என் பக்கத்துக்கு வேறு சாட்சி இல்லை. லாரி மோதியதில் கால் இரண்டும் போனாலும் வாய் நன்றாகத்தான் இருக்கிறது. நானே போய்ச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5

விசாரணை மேல்மாடியில், லிப்ட் ரோசாக், ஓடவில்லை. அண்ணன் உடையப்பன் இதை எதிர்பார்த்து ஆட்களோடு வந்திருந்தான். பழைய எஸ்டேட் கோயிலில் அவனோடு அம்மன் சப்பரம் தூக்குகிறவர்கள். வீல்சேரோடு என்னைத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில், பழக்கதோஷம், நின்று ஒரு ஆட்டு ஆட்டினார்கள். கீழே ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மேலே போய்ச் சேர்வதற்குள் கேஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

"நீங்க வீல்சேர்ல வர்றது கோர்ட்டுக்குத் தெரியாதுக்கா. கீழ ரூம் வேணும்னு கேட்டு எழுதுவோம். திரும்ப இப்படி ஆனா கேஸ் நிக்காது" என்றாள் வக்கீல் தினேஸ்வரி.

மார்ச் 9

அண்ணனிடம் சொன்னேன்.

"நாங்க இருக்கோம்லா! எதுக்குப் போயி அவங்ககிட்ட கெஞ்சுற?"

"கேக்குறது கெஞ்சுறதாண்ணே?"

"எங்க தோளு மேல ஒனக்கு நம்பிக்கை இல்ல."

கோபத்தில் என் பங்கு மீகோரேங்கையும் தின்றுவிட்டுப் போய்விட்டான்.

தூக்குறப்ப துணி வெலகுது — கை ரெண்டும் சேரைப் பிடிச்சிருக்கு, எப்படி இழுத்து விடுறது? இத அண்ணன்கிட்ட எந்த வாயால சொல்வேன்? அழுகை வந்தது. அழுதேன்.

மார்ச் 17

எழுதியாயிற்று. கீழ்த்தள அறை, அகலமான கதவு, நடுவில் கழிப்பறைக்குப் போக நேரம். கடைசியைச் சொல்லத்தான் கூச்சம். தினேஸ்வரி முகம் மாறாமல் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 2

பதில் இல்லை.

ஏப்ரல் 11

கோர்ட்டிலிருந்து போன். எல்லாம் உண்டாம். முன்பே சொல்லியிருக்கலாமே என்றார் போனில் பேசிய பெண். முன்பே யாராவது கேட்டிருக்கலாம்.

மே 14

வேண்டாம் என்று சொல்லியும் ஆட்கள் வந்தார்கள். தோளில் துண்டோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஜட்ஜ் நுழைந்ததும் "பாங்குன்!" என்று போலீஸ்காரர் குரல் கொடுக்க, எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் பாய்ந்து வந்து என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். மரியாதைக் குறைவாகிவிடுமே என்று அவனுக்குப் பயம். பாதி உயரத்தில் தொங்கினேன். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் உட்கார்ந்தே இருக்கலாம் என்றார்.

"எறக்கிவிடுண்ணே."

இறக்கிவிட்டான். சாட்சி சொல்லும் இடத்துக்கு நானே சக்கரத்தைத் தள்ளிப் போனேன். பச்சை என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டார். நடுவில் கழிப்பறைக்குப் போய்வந்தேன். மறுபடியும் பச்சை என்றேன்.

ஜூலை 30

தீர்ப்பு. தப்பு லாரி மேல்.

ஆகஸ்ட் 3

கோயில் திருவிழாக் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, வாசல் படிக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சரிவு வேண்டும் என்று கேட்டானாம். சப்பரம் தூக்கும் தர்மேந்திரன் அண்ணன் வந்து சொன்னார். "ஒன் தங்கச்சியத்தான் நீங்களே தூக்கிருவீங்களே" என்று தலைவர் சிரித்தாராம்.

"அம்மனத் தூக்குறோம். தங்கச்சி தானா வரட்டும்லா" என்றானாம் அண்ணன்.

சாயங்காலம் அண்ணன் வந்து வீல்சேரின் அகலத்தை அளந்துகொண்டு போனான்.