தண்ணீர் லாரிக்காரிக்குக் குழந்தை இல்லை

அம்மா,

எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. சம்பளப் பேரேட்டில் கைநாட்டு வைத்தவளுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது ஒருவிதத்தில் உன்னைக் குத்திக்காட்டுவது போலத்தான். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. நீ இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை. பேச்சு வராதவளுக்கு எழுத்துதான் மிச்சம், பொறுத்துக்கொள்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திறந்தேன். திரையில் தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்றது. துருப்பிடித்த டாங்கர், நசுங்கிய மூக்கு, முன்கண்ணாடிக்குள் தொங்கும் சின்னச் சிவப்புச் செருப்பு. ஓட்டுநர் இருக்கையில் தடித்த கைகளோடு அவள். எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த வீடியோ விளையாட்டின் பெயரை எழுதக்கூடாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உனக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது. நமக்கு அது ‘வண்டிச் சண்டை’. பூட்டிய ஊர், பன்னிரண்டு வண்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் துப்பாக்கி, கடைசியில் ஒரு வண்டிதான் மிஞ்சும். நம்மிடம் இருந்தது இரண்டாம் பாகம். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஓட்டுநர்களில் சிலரை மாற்றினார்கள், சிலர் ஒரு பாகத்தில் செத்து அடுத்ததில் திரும்பி வந்தார்கள். லாரிக்காரி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறாள். இப்போது வரப்போவது ஏழாம் பாகம், முதன்முறையாகத் தமிழ் எழுத்தோடு. அந்தத் தமிழை எழுதும் நான்கு பேரில் உன் மகளும் ஒருத்தி.

அது நம் வீட்டுக்கு வந்த விதம் உனக்கு நினைவிருக்கும். ஜூ டவுன் பழம்பொருள் கடையில் நீ பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த காலம். ஃபோர்ட் கொச்சியில் யாரோ வீட்டை விற்றுவிட்டுப் போக, முதலாளி அங்கிருந்த சாமான்களை மொத்தமாக வாங்கி வந்தார். தேக்கு அலமாரி, பீங்கான் சாடி, சுவர்க்கடிகாரம், அடியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் இந்த விளையாட்டுப் பெட்டியும் அதில் போடும் ஒரே ஒரு குறுந்தட்டும். முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பழசுதான், ஆனா போதுமான பழசு இல்ல, நீ கொண்டுபோ” என்று உன்னிடம் தள்ளினார். மகளுக்கு என்று நீ சுமந்து வந்தாய். நான் அன்று நான்காம் வகுப்பு. பத்து நாளில் எனக்கு அலுத்துப்போனது. உனக்கு அலுக்கவில்லை.

யூதர்கள் தொழும் ஜூதப் பள்ளிக்குச் சனிக்கிழமை அடைப்பு, தெருவுக்கு ஆள் வராது, கடையில் மதியத்தோடு உன்னை விட்டுவிடுவார்கள். நீ வந்து, கப்பைக் கிழங்கை வேகவைத்து, இருவரும் சாப்பிட்டு முடித்ததும் கதவைச் சாத்துவாய். சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்காருவாய். வண்டி இடப்பக்கம் திரும்பினால் உன் உடம்பும் இடப்பக்கம் சாயும். பொத்தான்களை நீ அழுத்திய அழுத்தில் அவற்றின் மேலிருந்த குறிகள் அழிந்தே போயின. திறந்த காரில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவன் வருவான், வெள்ளைக்காரன் என்பதால் அவனுக்கு நீ வைத்த பெயர் சாயிப்பு. கடையில் வெளிநாட்டுக்காரர்கள் நுழைந்தால் நீ துணியோடு சுவரோரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். இங்கே அவன் எதிரில் வந்தால் உன் குரல் கூரையைத் தொடும்.

“சாயிப்பே, மாறிக்கோ. இன்னைக்கு நான் மாற மாட்டேன்.”

மோதிவிட்டுச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை வேறு எங்கேயும் நான் கேட்டதில்லை. சமையலறையில் இல்லை, கோயிலில் இல்லை, நான் பட்டம் வாங்கிய அன்றுகூட இல்லை. அன்று நீ அழுதாய்.

ஆரம்பத்தில் உனக்குப் பிடித்தது லாரி இல்லை. பூமாலை சுற்றிய காரில், மணக்கோலத்தில் தனியாக வந்து எல்லோரையும் சுட்டுத் தள்ளும் கல்யாணக்காரி. வேகம் அவளுக்குத்தான். தண்ணீர் லாரியை ஒருநாள் விளையாட்டுக்காகத்தான் எடுத்தாய். “நம்ம தெருவுக்குத்தான் வர மாட்டேங்குது, டிவியிலயாவது வரட்டும்” என்றாய். டாங்கரிலிருந்து தண்ணீருக்குப் பதில் தீ பீய்ச்சியதும் அசந்துபோய், அன்று மாலைக்குள் அவளை வைத்துக் கடைசிவரை ஜெயித்துவிட்டாய். திரையில் ஒரு படம் வந்தது. கடலைப் பார்த்தபடி லாரி, பக்கத்தில் அவள், கீழே ஆறு வரி ஆங்கிலம்.

“என்ன சொல்றா? வாயிச்சு சொல்லு மோளே.”

அங்கேதான் அம்மா நான் தப்புச் செய்தேன். படித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நீ நம்பியிருந்தாய். நான் படித்தது மலையாளப் பள்ளி, ஆங்கில எழுத்துகளைக் கூட்டத்தான் தெரியும், ஆறு வரியில் எனக்குப் புரிந்தது ‘அவள்’ என்ற சொல் மட்டும். தெரியாது என்று சொல்ல வெட்கம். படத்தில் அந்தச் சின்னச் செருப்பு தெரிந்தது. நான் படிப்பதுபோல விரலை நகர்த்திக்கொண்டே சொன்னேன்: அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அப்பா இல்லை, மகளைப் படிக்க வைக்கத்தான் இந்தச் சண்டைக்கு வந்தாள்.

நீ திரைக்கு அருகே நகர்ந்து அந்தச் செருப்பைப் பார்த்தாய். பிறகு, “அதானே, இல்லாட்டி ஒரு பொம்பளை எதுக்கு இந்தப் பாடு படணும்” என்றாய்.

அதன்பிறகு நீ கல்யாணக்காரியின் காரைத் தொடவே இல்லை. எத்தனை சனிக்கிழமை, எப்போதும் அந்த லாரிதான். வேகம் குறைவு, திரும்பாது, அடி வாங்கும். நீயும் அதோடு சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாய். உனக்கென்று இருந்த ஒரே விளையாட்டிலும் என்னைக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தவள் நான். பத்து வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

கதவு தட்டப்பட்டால் உன் கையிலிருக்கும் விளையாட்டுப் பிடி என் மடிக்கு வந்துவிடும். தட்டுவது பெரும்பாலும் தோப்பும்படியிலிருந்து வரும் பெரியம்மா. புருஷன் இல்லாதவள் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கத்திச் சிரிக்கிறாள் என்று தெருவில் பேச்சு வரக்கூடாது என்பது உன் பயம். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு சாயா போடப் போய்விடுவாய். பெரியம்மா என்னைப் பிடித்துக்கொள்வாள். உன் அம்மா உனக்காக உருகுகிறாள், நீ இங்கே கார் உடைத்துக்கொண்டிருக்கிறாயே என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நீ அடுப்பிலிருந்து கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாய். வாயைத் திறந்துவிடாதே என்று அதற்குப் பொருள். நான் திறந்ததே இல்லை. பிற்பாடு அந்தப் பெட்டி கெட்டுப்போனது, நான் கல்லூரிக்குப் போனேன், அங்கே போய்த்தான் நம் தமிழை எழுதப் படித்தேன், இந்த வேலையும் கிடைத்தது. முதல் சம்பளம் வருவதற்குள் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். கோப்பில் லாரிக்காரியின் முழுக் கதையும் இருந்தது, பழைய பாகங்களில் வந்த வரிகளோடு. நம்முடைய ஆறு வரியும் இருந்தது. இப்போது எனக்கு ஆங்கிலம் தெரியும் அம்மா. அந்தச் சண்டையை நடத்தும் நடுவர் அவளிடம் ஏன் வந்தாய் என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள்: ஓட்டப் பிடிக்கும், உடைக்கப் பிடிக்கும், வேறு காரணம் வேண்டுமா? அந்தச் செருப்பு யாருடையது என்கிறார். யாருடையதும் இல்லை, சந்தையில் தொங்கியது, நிறம் பிடித்தது, வாங்கினேன் என்கிறாள்.

அவ்வளவுதான். மகள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பிடித்ததால் வந்தவள். அதைப் படித்தபோதுதான் உன் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. நீயும் பிடித்ததால்தான் அங்கே உட்கார்ந்திருந்தாய். நான் குறுக்கே புகுந்து அதற்கு ஒரு நியாயம் தேடிக் கொடுத்துவிட்டேன்.

வரிகளை உள்ளபடியே தமிழில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூட்டம். எங்கள் குழுத் தலைவரை எல்லோரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்பது அவர்களைவிடத் தமக்கே அதிகம் தெரியும் என்று நம்புகிறவர்.

“தமிழ்ல இது நிக்காது மோளே. சும்மா பிடிச்சிருக்குன்னு ஒரு பொம்பளை பத்துப் பேரைக் கொளுத்துவாளா? செருப்புதான் தொங்குதே, அதுக்கு ஒரு குழந்தையைக் கொடு. செத்துப்போன குழந்தைன்னா இன்னும் நல்லது.”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டங்களில் அதுவரை நான் பேசிய மொத்தப் பேச்சும் ‘சரி சேட்டா’ என்ற இரண்டு சொல்தான். அன்று அது வாயிலிருந்து வரவில்லை.

“அவளுக்குக் குழந்தை இல்ல, சேட்டா.”

“இல்லாட்டி உண்டாக்கு. அதுக்குத்தானே நம்மள வச்சிருக்கு.”

“நான் ஒருதடவை உண்டாக்கிட்டேன். அது தப்பாப் போச்சு.”

ஒருத்தி என் கையைப் பிடிக்க வந்தாள். நான் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நீ அங்கே இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். முகமெல்லாம் எரிய, பத்து வயதில் நடந்ததைச் சொன்னேன். உன்னைப் பற்றி வெளி ஆட்களிடம் நான் பேசியது அதுதான் முதல்முறை. சேட்டன் கேட்டுவிட்டு, பார்த்தாயா, உன் அம்மாவுக்கே அந்தக் கதைதானே பிடித்திருந்தது என்றார்.

அது கேள்விதான். இப்போதும் எனக்குள் குடைகிறது. ஆனால் அன்று பதில் தயாராக இருந்தது. அம்மாவுக்குப் பிடித்தது கல்யாணக்காரியின் கார், என் கதையைக் கேட்டபிறகு அதை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்றேன். பிடித்த கதை அப்படிச் செய்யாது.

சேட்டன் சமாதானம் செய்யப் பார்த்தார். இரண்டு விதமாகவும் எழுதி வெளிநாட்டில் இந்த விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு அனுப்புவோம், அவர்களே முடிவு செய்யட்டும், குழந்தைக் கதையையும் நீயே எழுது என்றார். மாட்டேன் என்றேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பதை அவர் நினைவுபடுத்தினார். நினைவிருக்கிறது சேட்டா, எழுத மாட்டேன் என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் வந்தது.

குழந்தைக் கதையை அவரே எழுதினார். நன்றாகவே எழுதியிருந்தார், பக்கத்து மேசைக்காரிக்குக் கண் கலங்கியது. ஐந்தாம் நாள் பதில் வந்தது: இவளுக்குக் குழந்தை எப்போதும் கிடையாது, உள்ளபடி இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரி இனி தமிழிலும் பிடித்ததால் வந்தவளாகவே வருவாள். எனக்கு நிரந்தரக் கடிதம் வரவில்லை. குழுவோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதி மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சாயா குடிக்கும் இடத்தில் சேட்டன் என்னைப் பார்த்து, இத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்றார். பதிலுக்கு நான் தலையைக் குனியவில்லை.

உன்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள். நீ போன அன்று பெரியம்மா சொல்லி அழுதாள்: “மோளுக்காகவே வாழ்ந்தா, தனக்குன்னு ஒரு நாள் வாழல.” வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். நீ எனக்காக உழைத்ததை நான் மறுக்கவில்லை, மறுத்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் உன்னை முழுக்க என் பேரில் எழுதிவைக்க இனி சம்மதிக்க மாட்டேன். சனிக்கிழமை மதியங்கள் உன்னுடையவை. அவற்றில் எனக்குப் பங்கு இல்லை. நீ எனக்கு விட்டுப்போனவற்றில் உழைப்பையும் பொறுமையையும் எல்லோரும் எண்ணிச் சொல்கிறார்கள். நான் வைத்திருப்பது அந்தக் கத்தலை. என்னிடம் அது இருப்பதே அந்தக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

வருகிற வியாழக்கிழமை உன் முதல் ஆண்டுத் திதி. தோப்பும்படியிலிருந்து எல்லோரும் வருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா அந்த வரியை மறுபடியும் சொல்லுவாள். இந்த முறை நான் ஆமாம் சொல்லப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கார்களை உடைத்தது நான் இல்லை, அம்மாதான், அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அவளுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். பெரியம்மா கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும்.

அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன், முதலிலேயே கேட்க வாய் வரவில்லை. நான் பேசத் தொடங்கும்போது, அடுப்படியிலிருந்து பார்ப்பாயே ஒரு பார்வை, அன்று மட்டும் என்னை அப்படிப் பார்க்காதே, அம்மா.